கண்ணுக்கு எட்டாத வீடு

போன இதழில் மாடிக் கசிவைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், அதற்கு வந்த கடிதங்கள் பல ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன: "மேடம், வீடு அங்கே இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்." வாடகைக்கு விடலாமென்று வாங்கிப்போட்ட வீடு. குடித்தனக்காரர் காலி செய்துவிட்டார். அடுத்தவர் வருவதற்குள் வேலை பார்த்தாக வேண்டும். மேஸ்திரியின் குரல் தெரியும், முகம் தெரியாது. சரி, இந்த முறை இவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் திருச்சியில் 31 வருடம் சைட்டில் நின்றவள். டிப்ளமோ முடித்து சூப்பர்வைசராகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக வேலை எடுத்துச் செய்தேன். அதனால் வீட்டுக்காரர் பக்கத்துக் கணக்கும் தெரியும், மேஸ்திரி பக்கத்துக் கணக்கும் தெரியும். இனி உங்கள் கடிதங்கள்.

திருச்சி கே.கே. நகரில் 1996-ல் கட்டிய வீடு ஒன்றை முதலீடாக வாங்கி வைத்திருக்கிறேன். கீழும் மேலும் இரண்டு போர்ஷன். கீழ்ப் போர்ஷன் இப்போது காலி. ஒரு மேஸ்திரி வாட்ஸ்அப்பில் 6,50,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் அனுப்பியிருக்கிறார். பாதிப் பணத்தை அட்வான்ஸாகக் கேட்கிறார். "நல்ல ஆள், நம்பிக் கொடுக்கலாம்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கொடுக்கலாமா?
*வாசகர், ஷார்ஜா*

கொடுக்காதீர்கள். நல்ல ஆளாகவே இருக்கட்டும், அப்போதும் கொடுக்காதீர்கள்.

ஒரு மேஸ்திரி ஒரே நேரத்தில் மூன்று நான்கு சைட் வைத்திருப்பார். சனிக்கிழமை சாயங்காலம் எல்லா சைட்டிலும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். ஏதோ ஒரு சைட்டில் பார்ட்டி, அதாவது வீட்டுக்காரர், பணம் தராமல் இழுத்தடித்துக்கொண்டிருப்பார். அந்த வாரம் பார்த்து உங்கள் 3,25,000 வந்து விழுந்தால் எங்கே போகும்? அந்த சைட்டின் கூலிக்குத்தான். திருட வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவருக்கு இருக்காது. அவருக்கு அது 'ரொட்டேஷன்'. ஆனால் உங்கள் வீட்டுக்கு ஆள் வேண்டிய வாரத்தில் இன்னொரு புது பார்ட்டியின் அட்வான்ஸ் அவர் கைக்கு வந்தால்தான் உண்டு. வராவிட்டால் "ஆளுங்க ஊருக்குப் போயிருக்காங்க சார்" என்று போன் வரும். இதே சுழலில் நானும் ஒரு வருடம் மாட்டியிருந்தேன், காண்ட்ராக்டராக. அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் இணைத்திருந்த எஸ்டிமேட்டைப் பார்த்தேன். ஐந்து வரி. பாத்ரூம் இரண்டுக்கு 2,10,000, மாடி லீக் 95,000, எலக்ட்ரிக் 80,000, பெயின்ட் 1,75,000, இதர வேலைகள் 90,000. 'இதர' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு 90,000 ரூபாய்! அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? கேளுங்கள். "சில்லறை வேலைங்க சார்" என்று பதில் வந்தால், அந்த வரியை அடித்துவிட்டு, சில்லறை வேலை வரும்போது தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

மற்ற நான்கு வரிகளும் எஸ்டிமேட் ஆகிவிடாது. அளவு வேண்டும், ரேட் வேண்டும், பொருளின் பிராண்டும் அளவும் வேண்டும். உதாரணத்துக்கு டைல்ஸ். நீங்கள் அனுப்பிய பிளானில் பாத்ரூம் ஏழடிக்கு ஐந்தடி. நான்கு சுவரையும் சுற்றினால் 24 அடி. ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் 168 சதுர அடி. இரண்டரை அடிக் கதவுக்குக் கழித்தால் 150. தரை 35. மொத்தம் 185, உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 205-க்குள் அடங்கிவிடும். அவரோ பாத்ரூம் ஒன்றுக்கு 320 சதுர அடி டைல்ஸ் என்று தனியாக ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு டேப் பிடிக்க முடியாதுதான், பெருக்கிப் பார்க்க முடியுமே.

பொருளை நீங்களே வாங்குங்கள். டைல்ஸ், பைப், ஒயர், பெயின்ட் எல்லாம் உங்கள் பெயரில் பில், பணம் நேராகக் கடைக்கு. மேஸ்திரி கடைக்குப் போய் எடுக்கட்டும், கடைக்காரர் உங்களுக்குப் போன் செய்யட்டும். மிச்சமாகும் முழு டைல்ஸ் பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று வாங்கும்போதே கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டி எல்லாவற்றிலும் ஒரே ஷேடு நம்பர் இருக்கிறதா என்பதற்கும் ஒரு போட்டோ.

லேபருக்கு மட்டும் மேஸ்திரியிடம் பேசுங்கள். 10 சதவீதம் அட்வான்ஸ். இடித்து, இடிபாட்டை லாரியில் ஏற்றி வீடு காலியானதும் 15. சுவருக்குள் போகும் பைப், ஒயர் எல்லாம் போட்டு, பாத்ரூமில் தண்ணீர் கட்டி (தரையில் தேக்கி வைத்து) கசிகிறதா என்று பார்த்ததும் 25. டைல்ஸ் முடிந்ததும் 20, பெயின்ட் முடிந்ததும் 20. கடைசிப் பத்து சதவீதம் ஒரு நல்ல மழை பெய்த பிறகு. இந்தக் கடைசிப் பத்துக்கு முகம் சுளிக்காத மேஸ்திரி கிடைத்தால் அவரை விடாதீர்கள். இதையெல்லாம் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. உங்கள் வீட்டுக்கு முப்பது வருடம் நெருங்குகிறது. சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தால், அதன் மேல் அப்படியே பூசிவிட்டுப் பெயின்ட் அடிப்பதுதான் வழக்கம். ஒரு வருடம் பளபளவென்று நிற்கும், அப்புறம் பூச்சு பொத்தென்று விழும், கீழே யார் நிற்கிறார்கள் என்றெல்லாம் அது பார்க்காது. தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, அதன் பிறகே கலவை. தேய்த்த கம்பியை நீங்கள் பார்த்த பிறகு பூசட்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

வேளச்சேரியில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட்டில் பாத்ரூம் கசிவு. மூன்று வாரம் வேலை நடந்தது. காண்ட்ராக்டர் தினமும் பத்துப் பதினைந்து போட்டோ அனுப்பினார், தண்ணீர் தேக்கிப் பார்த்த போட்டோ உள்பட. இரண்டே மாதத்தில் கீழ்வீட்டு சீலிங்கில் மறுபடி ஈரம். இவ்வளவு போட்டோ பார்த்தும் எப்படி ஏமாந்தேன்?
*வாசகி, மெல்பர்ன்*

நான் ஏமாந்த கதையைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

கோவை சரவணம்பட்டியில் எனக்கு ஒரு சின்ன ஃபிளாட் உண்டு. 2019-ல் அதன் பாத்ரூமைப் புதுப்பித்தேன். அப்போது என் கணவருக்கு முழங்கால் ஆபரேஷன். திருச்சியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போய் வர முடியாத நிலை. "அக்கா, நீங்க ஏன் அலையணும், எல்லாம் போட்டோல அனுப்பிடறேன்" என்றார் காண்ட்ராக்டர். அனுப்பவும் செய்தார். தரை முழுக்க நாலு அங்குலத்துக்குத் தண்ணீர் நிற்கிறது, தண்ணீர் வெளியேறும் ஜாலியில் துணி அடைத்திருக்கிறது, மேலே லைட் பிரதிபலிக்கிறது. அழகான போட்டோ. 'ஓகே தம்பி' என்று பதில் போட்டு, பணத்தையும் அனுப்பினேன்.

கீழ்வீட்டில் ஒழுக ஆரம்பித்த பிறகு அந்தப் போட்டோவை மறுபடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெண்டிலேட்டர் இடது பக்கம் இருந்தது. என் பாத்ரூமில் வெண்டிலேட்டர் வலது பக்கம்! வேறு யாருடைய பாத்ரூமிலோ கட்டிய தண்ணீரைப் பார்த்து நான் ஓகே சொல்லியிருக்கிறேன். முப்பது வருட அனுபவம் எங்கே போனது? போட்டோ நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டேன். கிட்டத்தட்ட 70,000 ரூபாய் தண்டம். அதைவிடக் கீழ்வீட்டு அம்மாவிடம் பேச்சு வாங்கியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் போட்டோவை இப்படி வாங்குங்கள். படத்தைக் காண்ட்ராக்டர் தேர்ந்தெடுத்து அனுப்பக்கூடாது. நீங்கள் வீடியோ காலில் வந்து, வாசல் கதவு நம்பரிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தாமல் நடந்து பாத்ரூமுக்குள் போகச் சொல்ல வேண்டும். சுவரில் நீங்கள் அந்த நேரத்தில் சொல்கிற ஒரு வார்த்தையைச் சாக்பீஸால் எழுதச் சொல்லுங்கள். எங்கள் பேத்தியின் பெயரை எழுதச் சொல்வது என் வழக்கம். தண்ணீர் கட்டும்போது நீர்மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதியும் மணியும். மறுநாள் அதே கோட்டைக் காட்ட வேண்டும். 24 மணி நேரம் போதும் என்பார்கள், நீங்கள் 48 மணி நேரம் கேளுங்கள். வெயிலில் கொஞ்சம் ஆவியாகும், பாத்ரூமுக்குள் அது பெரிய அளவில்லை. கோடு ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம்.

எந்த நேரத்தில் கால் செய்வது என்பதும் முக்கியம். சாயங்காலம் கூப்பிட்டால் பூசி முடித்த சுவரைத்தான் பார்ப்பீர்கள். காலையில், கலவை போடுவதற்கு முன் கூப்பிடுங்கள். நம் ஊர் ஒன்பது மணி உங்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம், வசதிதான். டைல்ஸுக்கு முன் வாட்டர் புரூஃப் பூச்சு, சிமென்ட்டுக்கு முன் சுவருக்குள் போகும் பைப், பூச்சுக்கு முன் ஒயர் குழாய். மூடப்போகிற எதையும் மூடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு தெரிவது அழகு மட்டும். பைப்பிலும் ஒயரிலும் டேப்பை விரித்துப் பிடித்து, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் போகிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்துக் குடித்தனக்காரர் டவல் ஸ்டாண்டுக்கு டிரில் போடும்போது அந்தப் படத்தின் அருமை தெரியும். ஒயர் என்றதும் ஞாபகம் வருகிறது: உறையின் மேலேயே அளவு அச்சிட்டிருக்கும். பிளக் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், கீஸருக்கும் ஏ.சி.க்கும் 4. கேமராவை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லுங்கள். கசிவு மின்சாரத்தில் தானே விழுகிற 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் (ஆர்.சி.சி.பி.) போர்டில் இருக்கிறதா என்பதையும் காட்டச் சொல்லுங்கள். வாடகை வீட்டில் யார் எப்போது ஈரக்கையோடு கீஸரைத் தொடுவார்கள் என்று நமக்குத் தெரியாது.

அப்புறம், உங்களுக்குச் சம்பளம் இல்லாத ஒரு சூப்பர்வைசர் ஏற்கெனவே இருக்கிறார்: கீழ்வீட்டுக்காரர். அவருடைய நம்பரை வாங்குங்கள், மன்னிப்புக் கேளுங்கள், தண்ணீர் கட்டும் இரண்டு நாளும் அவர் சீலிங்கைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் காண்ட்ராக்டர் பொய் சொல்லலாம், அவர் சொல்ல மாட்டார். அசோசியேஷனுக்கும் வேலை ஆரம்பிக்குமுன் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எந்த நேரத்தில் உடைக்கலாம், லிஃப்டில் மூட்டை ஏற்றலாமா என்றெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் ஒரு விதி இருக்கும். அந்தச் சண்டையைக் காண்ட்ராக்டர் உங்களிடம் 'லேட் ஆயிடுச்சு' என்று விற்பார்.

நாள் கூலிக்கு ஆள் வைப்பதா, மொத்தமாகப் பேசுவதா?
*வாசகர், புனே*

நீங்கள் பக்கத்தில் நின்றால் நாள் கூலி. புனேயில் இருந்துகொண்டு நாள் கூலியா? வேண்டவே வேண்டாம். அளவுக்கு இவ்வளவு என்று பேசுங்கள்.

கும்பகோணத்தில் இருக்கும் என் வாடகை வீட்டு வேலையை மச்சான் பார்த்துக்கொள்கிறார். பணத்தையும் அவர் கையில்தான் கொடுக்கிறேன். கணக்குக் கேட்டால் மனைவியோடு சண்டை, கேட்காவிட்டால் மனசு கேட்கவில்லை. இதுவரை நான்கு லட்சம் போயிருக்கிறது. மச்சான் நல்லவர்தான்.
*வாசகர், பெங்களூரு*

எத்தனை 'நல்லவர்தான்' பார்த்திருக்கிறேன்! உங்கள் மச்சானை நான் சந்தேகப்படவில்லை. நீங்கள் அவருக்குக் கொடுத்திருக்கிற வேலைதான் தப்பு. பார்ப்பதும் அவர், பணம் கொடுப்பதும் அவர் என்றால், மேஸ்திரி உங்களை மறந்துவிட்டு மச்சானைச் சரிக்கட்டப் பார்ப்பார். டீ, சாப்பாடு, "மாப்ள, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்கிற மாதிரி. ஒரு மாதத்தில் இரண்டு பேரும் சிநேகிதர்கள் ஆகிவிடுவார்கள். சிநேகிதனின் வேலையில் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

இன்றைக்கே பணத்தை அவரிடமிருந்து பிரித்துவிடுங்கள். "இன்கம்டாக்ஸ் கணக்குக்கு எல்லாம் என் பேங்க்லேருந்தே போகணுமாம்" என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. வீட்டை விற்கும்போது புதுப்பித்த செலவைக் கணக்கில் காட்ட வேண்டுமென்றால் பில்லும் பேங்க் வழியாகப் போன பணமும்தான் பேசும். மனைவியும் ஒத்துக்கொள்வார்.

பார்க்கிற வேலை மச்சானிடமே இருக்கட்டும், அதற்குச் சம்பளம் கொடுங்கள். பெட்ரோல் காசு என்று இல்லை, கௌரவமான ஒரு தொகை. சும்மா பார்க்கிறவரிடம் கேள்வி கேட்டால் கோபம் வரும், காசு வாங்குகிறவரிடம் கேட்டால் பதில் வரும். "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பாதீர்கள். "தெற்கு பெட்ரூம் ஜன்னலுக்குக் கீழே ஈரம் இருக்கா? சிமென்ட் மூட்டையில் என்ன வாரம், என்ன வருஷம் போட்டிருக்கு?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேலான சிமென்ட்டை மேஸ்திரி வேறு சைட்டிலிருந்து தள்ளிவிடப் பார்ப்பார். உள்ளே கட்டி தட்டியிருக்கும்.

கட்டுமானம் தெரிந்த ஒருவரையும் நாலைந்து முறைக்கு மட்டும் அனுப்புங்கள். ரிட்டயரான ஓவர்சீயர், டிப்ளமோ படித்த பையன், யாராக இருந்தாலும் சரி. விசிட்டுக்கு இவ்வளவு என்று பேசி, மூடுவதற்கு முந்தைய நாட்களில் மட்டும் வரச் சொல்லுங்கள். இவரை மேஸ்திரி சிபாரிசு செய்யக்கூடாது, மச்சானும் சிபாரிசு செய்யக்கூடாது.

போன நான்கு லட்சத்தைத் தோண்டாதீர்கள். தோண்டினால் கணக்கு கிடைக்காது, மச்சானும் கிடைக்க மாட்டார்.

மாடியில் தட்டோடு பதிக்க வேண்டும். ஆடி மாதம் ஆரம்பிக்கக் கூடாது என்கிறார் அம்மா. ஐப்பசியில் வருகிறேன் என்கிறார் மேஸ்திரி.
*வாசகி, ஹைதராபாத்*

உங்கள் அம்மாவிடம் எனக்கு வருத்தமில்லை, மேஸ்திரியிடம்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. பழைய தளத்தைக் கொத்திவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாடி வேலைக்கு மாசியிலிருந்து ஆனி வரை நல்ல காலம். வெயிலில் தண்ணீர் விடத்தான் ஆள் வேண்டும். காலையும் மாலையும் குறைந்தது ஒரு வாரம் தளம் நனைய வேண்டும். அதற்குத் தனி ஆள் பேசி, ஈரத்தோடு இருக்கும் தளத்தைத் தினமும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். இது ரிப்பேர், புது வேலை இல்லையே என்று சொன்னால் ஆடிக்கும் அம்மா இறங்கி வரலாம். ஆடியில் மேஸ்திரிக்கு வேலை குறைவு, ரேட்டும் கொஞ்சம் படியும்.

ரிப்பேர் செலவை வாடகை வருமானத்துக்கான வரியில் கழிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகையிலிருந்து வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக்கொள்ள விடுகிறது. நீங்கள் ஒரு ரூபாய் செலவழித்தாலும் ஐந்து லட்சம் செலவழித்தாலும் அதே 30-தான். ரிப்பேருக்குத் தனியாகக் கழிவு கிடையாது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள், நான் சாந்து பக்கம்.

காரைக்குடியில் வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு மேஸ்திரி போய்விட்டார். 2,40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். போனை எடுப்பதில்லை. வேறு ஆளை வைத்து முடித்துவிடட்டுமா? போலீசுக்குப் போகட்டுமா?
*வாசகர், சிங்கப்பூர்*

வேறு ஆளை வைக்கலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். முதலில் நடந்த வேலையை அளந்து வையுங்கள். வாசலில் ஆரம்பித்து ஒவ்வொரு அறையாக ஒரு வீடியோ. பக்கத்தில் கட்டுமானம் தெரிந்த ஒருவர் டேப்போடு நின்று, இவ்வளவு சதுர அடி பூச்சு, இத்தனை பாயின்ட் ஒயரிங், இவ்வளவு மணல் மிச்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். புது மேஸ்திரி சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டால் பழைய வேலை எது, புது வேலை எது என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

அந்த அளவைத் தொகையாக்கிப் பாருங்கள். என் அனுபவத்தில், ஓடிப்போன மேஸ்திரிகளில் சிலர் வாங்கியதைவிட அதிகமாக வேலை செய்துவிட்டு, கை நட்டமாகி ஓடியிருக்கிறார்கள். உங்கள் ஆள் 1,60,000-க்கு வேலை செய்திருக்கிறார் என்று வந்தால் பிரச்சினை 80,000-க்குத்தான், 2,40,000-க்கு இல்லை. அப்படிப் பேசினால் அவரும் போனை எடுப்பார். அளவையும் கணக்கையும் வைத்து ஸ்பீடு போஸ்ட்டில் ரிஜிஸ்ட்ரேஷனோடு ஒரு கடிதம், பதினைந்து நாள் கெடு. வாட்ஸ்அப்பிலும் அதையே அனுப்புங்கள். அவர் வரும்போது கோபத்தைக் காட்டாதீர்கள், கொத்தனாருக்கு நேரடியாகக் கூலி கொடுத்து மிச்ச வேலையை அவரை வைத்தே முடிக்க முடிந்தால் அதுதான் மலிவு.

போலீசில் 'இது சிவில் விஷயம்' என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டும் சேவை அந்தச் சட்டத்துக்குள் வருகிறது, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் மனுப்போட வேண்டும், ஆன்லைனிலேயே போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. ஒரு சிக்கல்: உங்களுடையது வாடகைக்கு விடுகிற வீடு. 'வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை, இவர் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். மனுவுக்கு முன் ஒரு வக்கீலிடம் இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புது மேஸ்திரி வந்த முதல் நாளே சுவரைத் தட்டிப் பார்த்து, "யார் சார் இந்த வேலை பார்த்தது? எல்லாத்தையும் உடைக்கணும்" என்பார். எல்லா மேஸ்திரிகளும் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். எதை, ஏன் உடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பாதிக்கு மேல் நிற்கும்.

மேஸ்திரியின் பெயருக்கே பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுத்திருப்பதாகக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் சொல்ல வேண்டியது அல்லவா அது! ரிப்பேர் வேலைக்கு எதற்குப் பவர்? இன்றே வக்கீலைப் பார்த்து அதை ரத்து செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வீட்டுச் சாவியை மேஸ்திரியிடமே விட்டுவிடலாமா? ஒவ்வொரு நாளும் திறந்துவிட ஆள் இல்லை.
*வாசகி, மஸ்கட்*

விடலாம், வாசல் சாவியை மட்டும். ஒரு அறையைப் பூட்டி, கழற்றி வைத்த ஃபேன், குழாய், கதவுக் கைப்பிடியெல்லாம் அதற்குள் போடுங்கள். அந்தச் சாவி வேறு யாரிடமாவது இருக்கட்டும். வேலை முடிந்ததும் வாசல் பூட்டை மாற்றிவிடுங்கள். ஆரம்பிக்கும் நாளிலும் முடிக்கும் நாளிலும் கரண்ட் மீட்டரைப் படமெடுத்து வையுங்கள்.

போன வருடம் திண்டுக்கல் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரம்மா தோஹாவில். வீடியோ காலில் மேஸ்திரி ஹால் சுவரைக் காட்டிக்கொண்டே வருகிறார், பின்னால் கொடியில் புடவை காய்கிறது, அடுப்படியிலிருந்து குக்கர் விசில் சத்தம். ஆறு வாரமாக இரண்டு குடும்பம் அங்கே குடியிருந்திருக்கிறது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சமையலறைக் குழாய் ஒழுகுதான்னு அவங்களையே கேளுங்க" என்றார். ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மேஸ்திரி சரியாகிவிட்டது என்று சொல்லிப் பணம் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.